டாக்டர் படிப்பின் முதல் மாதப் பாடம்



நான் ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு இரும்புப் பட்டறையில் சூப்பர்வைசராக வேலை பார்க்கிறேன். மருத்துவன் அல்ல. ஆனாலும் இன்று மருத்துவப் படிப்பைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அதற்குக் காரணம் இருக்கிறது. ஓவர்டைம் பார்த்து ஊரில் பிள்ளையை எம்.பி.பி.எஸ். படிக்க வைக்கும் தகப்பன்மார்கள் நம் கேம்ப்களில் உண்டு. சீட் கிடைத்த செய்தி வந்தால் அன்று அறை முழுவதும் இனிப்புதான். அந்தப் பிள்ளை கல்லூரியில் சேர்ந்த மறு வாரமே ஊரார் கண்ணுக்கு டாக்டர் ஆகிவிடும். பேருந்தில் யாராவது மயங்கி விழுந்தால், "நீதான் டாக்டருக்குப் படிக்கிறியே, வந்து பாரும்மா" என்று முன்னால் தள்ளுவார்கள்.

முதல் வருடம் படிக்கும் பிள்ளைக்கு அந்த நேரத்தில் என்ன செய்யத் தெரியும்?

முன்பெல்லாம் அது பெரும்பாலும் அந்தந்தக் கல்லூரியைப் பொறுத்தது. எம்.பி.பி.எஸ். படிப்பு நான்கரை ஆண்டு. அதன் பிறகு ஓராண்டு பயிற்சி மருத்துவர் பணி. முதல் வருடம் உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியியல். எலும்பின் பெயர், நரம்பின் பாதை எல்லாம் மனப்பாடமாக இருக்கும். ஆனால் மூச்சு நின்ற மனிதர் மீது கை வைத்துப் பழகும் வாய்ப்பு பலருக்குக் கடைசியில்தான் வரும். அவசர மருத்துவத்தைத் தனி முதுநிலைப் படிப்பாக இந்திய மருத்துவக் கவுன்சில் ஏற்றுக்கொண்டதே 2009ஆம் ஆண்டில்தான்.

2019 ஆகஸ்டில் இந்த வரிசை மாறியது. அந்த ஆண்டு நடைமுறைக்கு வந்த புதிய பாடத்திட்டத்தில், கல்லூரியில் சேர்ந்ததும் அடித்தளப் பாடம் என்று ஒன்றை வைத்தார்கள். தொடங்கியபோது அதன் காலம் ஒரு மாதம். முதலுதவியும் அடிப்படை உயிர்காப்புப் பயிற்சியும் அதில் அடக்கம். அதாவது, இதயத்துக்கு எத்தனை அறைகள் என்று பரீட்சை எழுதும் முன்பே, நின்றுபோன இதயத்துக்கு என்ன செய்வது என்று சொல்லித்தந்துவிடுகிறார்கள்.

அமெரிக்காவில் ஒரு கல்லூரி இன்னும் ஒரு படி மேலே போனது. நியூயார்க் மாநிலத்தில் ஹாஃப்ஸ்ட்ரா பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி 2011இல் தன் முதல் மாணவர்களைச் சேர்த்தது. அவர்களுக்குத் தொடக்க வாரங்களிலேயே ஆம்புலன்ஸ் பணியாளருக்கு உரிய பயிற்சியைக் கொடுத்து, ஆம்புலன்ஸிலும் ஏற்றி அனுப்பியது. நோயாளியை ஆஸ்பத்திரிக் கட்டிலில் பார்ப்பதற்கு முன் அவர் வீட்டில், தெருவில் பார்க்கட்டும் என்பது நோக்கம்.

ஏன் இவ்வளவு அவசரம்? இதயம் நின்றால் மூளைக்கு ரத்தம் போகாது. நான்கைந்து நிமிடங்களிலேயே மூளை சேதமடையத் தொடங்கிவிடும். எவ்வளவு வேகமான ஆம்புலன்ஸும் அதற்குள் வந்து சேரும் என்று உறுதி சொல்ல முடியாது. அந்த இடைவெளியை நிரப்பக்கூடியவர், பக்கத்தில் நிற்பவர் ஒருவர்தான்.

என் அக்கா மகள் தமிழ்நாட்டில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் படிக்கிறாள். நான் லீவில் போயிருந்தபோது, தான் கற்றதைத் தலையணையை வைத்து எனக்குச் செய்து காட்டினாள். முதலில் தோளைத் தட்டிக் கூப்பிட வேண்டும். பதில் இல்லை, மூச்சும் இயல்பாக இல்லை என்றால் உடனே ஆம்புலன்ஸுக்குச் சொல்ல வேண்டும். பிறகு நெஞ்சின் நடுவில் ஒரு கை மேல் மறு கையை வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ. ஆழத்துக்குக் குறையாமல் அழுத்த வேண்டும். 6 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. பயிற்சி பெற்றவர்கள் 30 அழுத்தத்துக்கு 2 முறை மூச்சு ஊதுவார்கள். பயிற்சி இல்லாதவர் அழுத்துவதை மட்டும் நிறுத்தாமல் செய்தால் போதும். "மாமா, முழங்கையை மடக்காதீங்க, உடம்பு எடையை இறக்குங்க" என்று அவள் திருத்தினாள். இரண்டு நிமிடத்தில் எனக்கு வியர்த்துவிட்டது. அதனால்தான் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றச் சொல்கிறார்கள்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. கல்லூரியில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத பிள்ளைக்கு இதைக் கற்றுத்தர முடிகிறது என்றால், இதற்கு டாக்டர் படிப்பு தேவையில்லை என்றுதானே பொருள்? வெல்டருக்கும் டிரைவருக்கும் இது எட்டாத வித்தை அல்ல.

இதன் வரலாறும் அதையே சொல்கிறது. நெஞ்சை வெளியிலிருந்து அழுத்தி இதயத்தை இயக்கும் முறையை 1960இல் உலகுக்கு அறிவித்தவர்கள், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூவர். அவர்களில் மூத்தவரான கௌவன்ஹோவன் மருத்துவர் அல்ல, மின் பொறியாளர். மின்கம்பி வேலையில் ஷாக் அடித்துத் தொழிலாளர்கள் இறந்துகொண்டிருந்ததால், மின் நிறுவனங்களின் உதவியோடு அவர் தொடங்கிய ஆராய்ச்சிதான் இங்கே வந்து முடிந்தது. மாணவர்கள் இன்று பயிற்சி செய்யும் பொம்மையை முதலில் செய்து தந்தவரும் நார்வே நாட்டுப் பொம்மைத் தயாரிப்பாளர் லேர்டால். ஆக, இந்தப் பாடம் தொழிலாளியின் உயிரிலிருந்து பிறந்தது. அது தொழிலாளியிடமே திரும்பி வருவதுதானே முறை?

அரைகுறை அறிவு ஆபத்து இல்லையா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. முதல் வருட மாணவர் மருந்து எழுதவோ ஊசி போடவோ கூடாது. அது அவர் வேலை அல்ல. இன்னொன்று, இந்தக் கைப்பழக்கம் சில மாதங்களிலேயே மங்கிவிடும். முதல் மாதத்தில் ஒருமுறை செய்துவிட்டு நான்கு வருடம் விட்டுவிட்டால் பயன் இல்லை. அவ்வப்போது திரும்பச் செய்ய வேண்டும். இது கல்லூரிக்கும் பொருந்தும், நம் கம்பெனிகளுக்கும் பொருந்தும்.

நம் தொழில்பேட்டையில் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியவை சில. ஆம்புலன்ஸுக்கு 998. ஷார்ஜா உள்ளிட்ட வடக்கு எமிரேட்டுகளில் நேஷனல் ஆம்புலன்ஸ் 2014 முதல் சேவை செய்கிறது. போன் செய்யும்போது தொழில்பேட்டையின் எண்ணையும், பக்கத்தில் உள்ள பெரிய கடை அல்லது ரவுண்டானாவின் பெயரையும் சொல்லுங்கள். ஓர் ஆளை மெயின் ரோட்டுக்கு அனுப்பி வழிகாட்டச் சொல்லுங்கள். ஒரே மாதிரி ஷெட்டுகள் வரிசையாக நிற்கும் இடத்தில் இதுவே பல நிமிடங்களை மிச்சப்படுத்தும்.

மின்சாரம் தாக்கினால், ஆளைத் தொடும் முன் மெயின் சுவிட்சை அணையுங்கள். வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்காதீர்கள். அடிபடாமல் பார்த்து, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மயங்கியவர் வாயில் சோடாவோ தண்ணீரோ ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். வெயில் காலத்தில் உடம்பு நெருப்பாகக் கொதித்து, ஆள் உளறினால் அது வெப்பத்தாக்கு. ஆம்புலன்ஸ் வரும் வரை காத்திருக்காமல் நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை திறந்தவெளி வேலைக்குப் பகல் 12.30 முதல் 3 மணி வரை ஓய்வு என்பது இதற்காகத்தான்.

ஊரில் உதவப் போனால் கேஸில் மாட்டிக்கொள்வோமோ என்ற பயமும் வேண்டாம். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, விபத்தில் அடிபட்டவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுபவருக்குப் பாதுகாப்புத் தருகிறது.

டாக்டருக்குப் படிக்கும் பிள்ளை அடுத்து போன் செய்யும்போது மார்க்கைக் கேட்பதற்கு முன், "அந்த முதல் மாதம் கற்றதை அம்மாவுக்கும் தாத்தாவுக்கும் சொல்லிக் கொடுத்தாயா?" என்று கேளுங்கள். இங்கே உங்கள் ஃபோர்மேனிடம், முதலுதவிப் பயிற்சி எப்போது என்று கேளுங்கள். பத்துப் பேர் இருக்கும் ஷெட்டில் இரண்டு பேருக்காவது இது தெரிந்திருந்தால், ஊரில் காத்திருக்கும் ஒரு குடும்பம் பிழைக்கும்.