வருத்தமும் மன்னிப்பும்

‘சாரி’ என்னும் ஆங்கிலச் சொல்லை அறியாதவர் இன்று நம்மிடையே இலர். ஆங்கிலம் படியாத பாட்டியாரும் பேருந்து நெரிசலிலே பிறர் காலை மிதித்துவிட்டால் அதனையே சொல்லுகிறார். வாய்க்கு எளிதாக வந்த சொல் கருத்திலும் தெளிவாக இருக்கும் என்று சொல்ல முடியாது. வருத்தத்தைத் தெரிவிக்க ஆங்கிலத்தில் சொற்கள் பல உண்டு. அவற்றைப் பிரித்தறிய ஒரு கேள்வி போதும். ‘சொல்லுகிறவர் தவற்றைத் தம்முடையதாக ஏற்கிறாரா?’ என்பதே அக்கேள்வி.

‘சாரி’ என்பது புண், நோவு என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து பிறந்தது. சொல்பவர் மனம் நோகிறது என்பதே அதன் அடிப்படைப் பொருள். மனநோவு தன் செயலை எண்ணியும் வரலாம். பிறர் துன்பத்தைக் கண்டும் வரலாம். நண்பனின் தந்தையார் காலமான செய்தி கேட்டு ஆங்கிலேயர் ‘ஐ ஆம் சாரி’ என்றால், அது இரங்கல். அதனை அப்படியே தமிழாக்கித் துக்க வீட்டிலே ‘மன்னித்துவிடு’ என்று ஒருவன் சொன்னால், இவன் என்ன பிழை செய்தான் என்று கேட்போர் திகைப்பர்.

மரணத்திற்கென்றே அமைந்த சொல் ‘கண்டோலன்ஸ்’. உடன் வருந்துதல் என்னும் இலத்தீன் வேரினது அது. ‘ரிமோர்ஸ்’ என்பதன் வேர்ப்பொருள் மீண்டும் கடித்தல். செய்த தீமை நினைவிலே வந்து வந்து கடிக்கிறது அல்லவா? கழிவிரக்கம் என்று நம் மொழி அழகாகச் சொல்லும். ‘அப்பாலஜி’ என்பதன் கதை வியப்பானது. கிரேக்கத்திலே அது தன் கட்சியை எடுத்துரைக்கும் வழக்குரை. சாக்கிரட்டீசு நீதிமன்றத்தில் பேசியதாகப் பிளேட்டோ எழுதிய நூலுக்கும் அதுவே பெயர். அதிலே அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. பிழையைப் பொறுப்பேற்று ஒப்புக்கொள்ளுதல் என்ற பொருள் பிற்காலத்திலே வந்து சேர்ந்தது.

இனி, ‘ரிக்ரெட்’. நான் வசிக்கும் கோடம்பாக்கத்தில், மின்சார இரயில் தாமதமானால் நிலையத்து ஒலிபெருக்கி, ‘ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம்’ என்று அறிவிக்கும். அதன் ஆங்கில வடிவத்தைக் கவனியுங்கள். அது செயப்பாட்டு வினை. சிரமம் ‘வருந்தப்படுகிறது’, வருந்துபவர் யார் என்பது வாக்கியத்திலே இல்லை. வேலைக்கு விண்ணப்பித்தவருக்கு ‘தெரிவிக்க வருந்துகிறோம்’ என்று மறுமொழி வரும்போதும் அப்படியே. அது மரியாதையான மறுப்பு. பிழையை ஒப்புக்கொள்வது ஆகாது. நிகழ்ந்ததற்கு வருந்தலாம், நிகழ்த்தியவர் நாம் என்று சொல்லாமலும் இருக்கலாம். இதுவே ‘ரிக்ரெட்’ என்னும் சொல் தரும் வசதி.

இவ்வேறுபாடு இலக்கண நுட்பம் மட்டும் அன்று. 1919 ஏப்ரல் 13 அன்று அமிர்தசரஸ் ஜாலியன்வாலா பாகில் கூடியிருந்த மக்களை ஜெனரல் டயரின் படை சுட்டது. ஆங்கில அரசின் கணக்கின்படியே இறந்தோர் 379 பேர். உண்மைத் தொகை இதனினும் மிகப் பெரிது என்பது நம்மவர் கூற்று. நூற்றாண்டு நிறைவுக்கு மூன்று நாள் முன்பு, 2019 ஏப்ரல் 10 அன்று, பிரிட்டிஷ் பிரதமர் தெரசா மே பாராளுமன்றத்தில் எழுந்து, நடந்ததற்கும் விளைந்த துன்பத்திற்கும் ஆழ்ந்து வருந்துவதாகச் சொன்னார். அவர் தேர்ந்த சொல் ‘ரிக்ரெட்’. எதிர்க்கட்சித் தலைவரோ முழுமையான, தெளிவான ‘அப்பாலஜி’ வேண்டும் என்றார். வருத்தம் வந்தது, மன்னிப்பு வரவில்லை.

இதனோடு வேறொரு நிகழ்ச்சியை ஒப்பிடுங்கள். 1914-இல் ‘கோமகதா மாரு’ என்னும் கப்பல் 376 இந்தியரை ஏற்றிக்கொண்டு கனடாவின் வான்கூவர் துறைமுகத்தை அடைந்தது. பெரும்பாலோரைக் கரையிறங்க விடாமல் இரண்டு மாதம் நிறுத்திவைத்துத் திருப்பி அனுப்பினார்கள். கல்கத்தாவை அடுத்த பஜ்பஜ்ஜில் அவர்கள் இறங்கியபோது போலீசார் சுட்டதில் ஏறக்குறைய 20 பேர் மாண்டனர். 2008-இல் கனடியப் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் ஒரு பூங்காவில் நடந்த விழாவிலே மன்னிப்புக் கோரினார். நாடு செய்த பிழைக்கு நாட்டின் சபையிலே மன்னிப்புக் கேட்பதே முறை என்று சீக்கியர் பலர் அதனை ஏற்க மறுத்தனர். 2016 மே 18 அன்று பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ பாராளுமன்றத்திலேயே ‘அப்பாலஜி’ என்ற சொல்லைச் சொல்லி, அரசின் பொறுப்பை ஏற்றார். சொல்லைப் போலவே அதனைச் சொல்லும் இடமும் பொருள் தருகிறது என்பதை இதனால் அறியலாம்.

அரசுகளும் நிறுவனங்களும் இவ்வளவு தயங்குவது ஏன்? மன்னிப்புக் கேட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகி, நட்டஈடு கொடுக்க நேருமோ என்ற அச்சமும் ஒரு காரணம். வான்கூவர் அமைந்துள்ள பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம், மன்னிப்புக் கேட்பதைச் சட்டப்படி குற்ற ஒப்புதலாகக் கொள்ளலாகாது என்று 2006-இல் ஒரு சட்டமே இயற்றியது. மனிதர் மனிதரிடம் பேச வேண்டிய சொல்லுக்குச் சட்டத்தின் காவல் தேவைப்பட்டிருக்கிறது!

நம் தமிழிலே ஒரு நுட்பம் உண்டு. ‘வருந்துகிறேன்’ என்பது சொல்பவரோடு முடிந்துவிடும். ‘மன்னிப்பு’ அப்படி அன்று. அதைக் கேட்கத்தான் முடியும், கொடுப்பவர் துன்புற்றவரே. ஆகவே, இளைஞர்களே, பிறர் துயருக்கு இரங்கும்போது உங்கள் இரக்கத்தைச் சொல்லுங்கள். தவறு உங்களுடையதானால், ‘நான்’ என்று எழுவாயை வைத்து, செய்ததை இன்னதென்று கூறி, மன்னிப்பைக் கேளுங்கள். எம்மொழியில் பேசினாலும் எழுவாயை ஒளிக்காதீர்கள்.