இரண்டு கிழமைக்கு ஓர் அறை

பெப்ரவரி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்று. பிற்பகல் நான்கு மணியிருக்கும். ஹட்டன் பஸ் நிலையத்திலிருந்து ஒரு சகோதரி எனக்குத் தொலைபேசி எடுத்தார். "அக்கா, நாலு இடம் கேட்டிட்டன். ஒருத்தரும் தாறாங்களில்லை. இருட்டப் போகுது."

அவர் கிளிநொச்சியைச் சேர்ந்தவர். கணவர் 2009 மே மாதத்துக்குப் பிறகு வீடு திரும்பவில்லை. பிள்ளைகளை அம்மாவிடம் விட்டுவிட்டு, நோர்வூட் பக்கத்தில் ஒரு மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதப் பழக்குவதற்காக இரண்டு கிழமைக்கு வந்திருந்தார். அது காலை வேலை. அவருடைய சம்பாத்தியம் மாலையில்தான். இலண்டனில் உள்ள ஒரு கடைக்காரருக்கு மடிக்கணினியில் பற்றுச்சீட்டுகளைப் பதிவுசெய்து கொடுக்கின்றார். அங்கே காலை ஒன்பது மணி என்றால் எமக்குப் பிற்பகல் இரண்டரை. ஆகவே அவருக்கு வேண்டியது படுக்க ஒரு கட்டில் மட்டுமல்ல. இரவு ஒன்பது மணிவரை விளக்குப் போட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு, இணையத் தொடர்பு அறாமல் வேலை செய்யக்கூடிய ஓர் அறை.

முதல் இடத்தில் தொலைபேசியில் "ரூம் இருக்கு" என்றார்கள். நேரில் தனியாகப் பார்த்ததும், "கூட ஆம்பள யாரும் வரலையா? அப்ப ரூம் இல்ல" என்று விட்டார்கள். இரண்டாம், மூன்றாம் இடங்களில் சிவனொளிபாதமலை யாத்திரிகர் கூட்டம். நாலாவது இடத்தில் ஒரு படிவத்தை நீட்டினார்கள். அதில் கணவரின் பெயர் எழுத ஒரு கட்டம் இருந்தது. "நான் என்ன எழுதுறது அக்கா? பேரை எழுதினா, அவர் எங்க எண்டு கேப்பினம். எழுதாட்டி வேற மாதிரிப் பாப்பினம்" என்றார். படிவத்தை மேசையிலேயே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டார்.

கணினியைத் தூக்கிக்கொண்டு நாட்டுக்கு நாடு போய், போன இடத்திலிருந்தே உழைப்பவர்களை இப்போது 'டிஜிட்டல் நாடோடிகள்' என்கிறார்கள். எத்தனையோ தடவை இடம்பெயர்ந்த எமக்கு 'நாடோடி' என்ற சொல் அவ்வளவு இனிப்பதில்லை. ஆனாலும் அந்தச் சகோதரி செய்வதும் அதே தொழில்தான். நானும் மாதத்தில் எட்டுப் பத்து நாட்கள் வீட்டுக்கு வெளியே தங்கி, அறிக்கை எழுதி, கணினியிலேயே கூட்டம் நடத்தும் ஒருத்திதான். எனவே இதை ஆராய்ச்சியாக அல்ல, அலைந்து பட்ட அனுபவமாகவே எழுதுகின்றேன்.

மலையகத்தில் தங்குமிடத்துக்குக் குறைவில்லை. யாருக்கு என்பதுதான் கேள்வி. வெள்ளைக்காரத் துரைமார் வாழ்ந்த பங்களாக்கள் பல இன்று விடுதிகளாகிவிட்டன. பொகவந்தலாவைப் பள்ளத்தாக்குப் பக்கம் 2005 இல் இப்படிப் பழைய பங்களாக்களைப் புதுப்பித்து 'சிலோன் டீ டிரெயில்ஸ்' என்ற பெயரில் தொடங்கினார்கள். அங்கே ஓரிரவுக்கான கட்டணம் டொலரில். எமக்கு அது கதை கேட்பதற்கு மட்டுமே. அதே மலையின் கீழே லயம். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு, பின்னால் புகையேறிய குசினி.

லயத்தில் நான் பல இரவுகள் தங்கியிருக்கின்றேன். "வாங்கம்மா, இருக்கிற எடத்துல படுத்துக்கலாம்" என்று சொல்லாத வீடே இல்லை. ஒருமுறை மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில், எனக்குக் கட்டிலை விட்டுவிட்டு வீட்டுக்காரர் சாக்கை விரித்து இஸ்தோப்பில் படுத்தார். விடிய எழும்பிப் பார்த்தால் பனியில் நனைந்த போர்வையோடு குறண்டிக்கிடந்தார். அந்த விருந்தோம்பலை மறக்க முடியாது. ஆனால் அதையே தங்குமிட ஏற்பாடாக எடுத்துக்கொள்வது நியாயமில்லை என்று அன்று தோன்றியது. காசு கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள். ஓர் அறை மேலதிகமாகக் கட்டி முறைப்படி விருந்தினரை வைப்போம் என்று நினைக்கும் குடும்பத்துக்கும் வழி இலகுவல்ல. பெரும்பாலான லயங்களில் குடியிருப்பவரிடம் உறுதிப்பத்திரம் கிடையாது. கொழுந்து பறிக்கும் பெண்ணின் நாளொன்றுக்கான அடிப்படைச் சம்பளம் 2024 இல்தான் 1350 ரூபாவாக உயர்ந்தது. ஹட்டன் நகரில் ஓரளவு சுத்தமான அறைக்கு என்னிடம் கடைசியாகக் கேட்ட வாடகை இரவுக்கு 3500 ரூபா.

பங்களாவுக்கும் லயத்துக்கும் நடுவில் இருப்பது லொட்ஜ். லொட்ஜ் என்ற சொல்லைக் கேட்டதும் எம்மில் பலருக்கு நெஞ்சு படபடப்பதற்குக் காரணம் உண்டு. 2007 யூன் 7 ஆம் திகதி விடியற்காலையில் கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேரைப் பொலிசார் எழுப்பி, பஸ்களில் ஏற்றி, வவுனியா உள்ளிட்ட இடங்களுக்கு அனுப்பினார்கள். அதில் பெண்களும் இருந்தார்கள். வைத்தியத்துக்கு வந்தவர்கள், வேலைக்கு வந்தவர்கள், வெளிநாட்டுப் பயணத்துக்குக் காத்திருந்தவர்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடைசெய்து இடைக்கால உத்தரவு வழங்கியது. அப்போது நான் பாடசாலை மாணவி. வானொலிச் செய்தியைக் கேட்டுவிட்டு அம்மா ஒன்றும் பேசாமல் இருந்தது ஞாபகம். அடையாள அட்டையை நீட்டும்போது கை நடுங்கும் சகோதரிகளிடம் "இப்ப யுத்தம் இல்லையே" என்று சொல்வது உதவாது. அவர்கள் நடுக்கம் பொய்யல்ல.

பெண்கள் தங்க இடம் தேடி அலைவதும், அதற்குப் பெண்களே வழி காண்பதும் புதிதல்ல. 1855 இல் இலண்டனில், கிரிமியப் போர்க்களத்துக்குப் போய்வரும் தாதியருக்காக மேரி ஜேன் கின்னெயர்ட் அம்மையார் ஒரு விடுதி திறந்தார். இன்று உலகம் முழுவதும் இருக்கும் இளம் பெண்கள் கிறிஸ்தவ சங்கத்தின், அதாவது வை.டபிள்யூ.சீ.ஏ.யின், தொடக்கங்களில் அதுவும் ஒன்று. போர்தான் அங்கும் காரணம் என்பதை வாசித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. தமிழ்நாட்டில் அரசாங்கமே 'தோழி' என்ற பெயரில் தொழில்புரியும் பெண்களுக்கு விடுதிகள் நடத்துகின்றது. அவற்றில் மாதக்கணக்கில் மட்டுமன்றி நாட்கணக்கிலும் தங்கலாம். ஹட்டனிலோ நுவரெலியாவிலோ அப்படியொன்றை நான் கண்டதில்லை. பிரதேச சபைக்காரரிடம் இதைப் பற்றிக் கதைத்தால், "பொம்பளைங்க தனியா எதுக்கு வரப்போறாங்க?" என்று கேட்கின்றார்கள். கொழுந்து மலையில் யார் நிற்கிறார்கள் என்று அவர்கள் பார்ப்பதேயில்லை போலும்.

அதுவரை நாமாகத்தான் தேட வேண்டும். நான் முதலில் விசாரிப்பது வாடகையை அல்ல, அந்த வீட்டில் இரவில் யார் இருக்கிறார்கள் என்பதை. குடும்பம் வாழும் வீட்டின் ஓர் அறை, மாடியோ அனெக்ஸோ, லொட்ஜைவிட எனக்கு நிம்மதி. சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவுபெற்ற வீட்டுத் தங்குமிடங்களும் உண்டு. பதிவு நல்லதுதான். ஆனால் பதிவுச் சான்றிதழ் கட்டடத்தைப் பற்றிச் சொல்லும்; தனியாக வந்த பெண்ணை எப்படி நடத்துவார்கள் என்று சொல்லாது. அதற்கு அங்கே முன்பு தங்கிய ஒரு பெண்ணிடம் கேட்பதே வழி. பாடசாலை ஆசிரியைகள், குடும்பநல உத்தியோகத்தர்மார், கன்னியர் மடத்து அருட்சகோதரிகள் ஆகியோருக்கு ஊரில் எந்த வீடு எப்படி என்று தெரியும். இணையத்தில் நட்சத்திரம் போட்டிருப்பதைவிட அவர்கள் வாய்ச்சொல்லை நான் நம்புவேன்.

முற்பணம் முழுவதையும் ஒருநாளும் கொடுக்காதீர்கள். முதலில் ஓர் இரவு. பிடித்தால் மிச்ச நாட்களுக்குப் பேசுங்கள். பகல் வெளிச்சத்தில் போய்ச் சேருங்கள். கதவின் உள்தாழ்ப்பாளை நீங்களே போட்டுப் பாருங்கள். மலசலகூடம் வெளியே என்றால் வழியில் விளக்கு இருக்கின்றதா? அறைக்குள் நின்று கையடக்கத் தொலைபேசியில் ஒருவருக்கு அழைத்துப் பாருங்கள். மலைமடிப்புகளில் ஒரு கம்பனியின் சிக்னல் வரும், மற்றதன் சிக்னல் செத்துவிடும். 2020 இல் பிள்ளைகள் இணையவழிப் படிப்புக்காக மலையுச்சி தேடி ஏறியது இந்தப் பக்கத்துக் கதைதான். இரண்டு கம்பனிகளின் சிம் வைத்திருந்தால் தப்பினீர்கள்.

இன்னொன்று, மலையைப் பாருங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்தபோது மண்சரிவில் மலையகம் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். வீட்டின் பின்னால் செங்குத்தாக வெட்டிய மண்சுவர், சாய்ந்த மரங்கள், சுவரில் புதிய வெடிப்பு, திடீரெனக் கலங்கிவரும் ஊற்று ஆகியவற்றைக் கண்டால் வாடகை எவ்வளவு மலிவாக இருந்தாலும் திரும்பிவிடுங்கள். புயலில் புகையிரதப் பாதையும் பல இடங்களில் சேதமடைந்தது. எனவே புறப்படுமுன் புகையிரதம் பற்றி விசாரித்துக்கொள்ளுங்கள். கண்டியிலிருந்து கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியாக ஹட்டனுக்கு பஸ்ஸில் வரலாம். குளிருக்கு அறையைப் பூட்டிக்கொண்டு கரிச்சட்டி மட்டும் வைத்துவிடாதீர்கள். அதிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

காலமும் காசுதான். ஏப்ரலில் நுவரெலியாவில் வசந்தகாலக் கொண்டாட்டம். அறை வாடகை தாறுமாறாக ஏறும். டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் வரை யாத்திரைக் காலம். சனி, ஞாயிறு, போயா தினங்களில் ஹட்டனும் நல்லதண்ணியும் நிரம்பி வழியும். அந்தச் சகோதரி வந்த வெள்ளிக்கிழமை மாலைதான் எல்லாவற்றிலும் மோசமான நேரம். செவ்வாய்க்கிழமை வந்திருந்தால் இரண்டு இடமாவது கதவு திறந்திருக்கும். முதலாமிடம் திறந்திருக்காது.

அந்தக் கட்டத்தைப் பற்றி என் அபிப்பிராயம் இது. தங்க வருபவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம் கேட்பது நியாயம். கணவர் பெயர் விடுதிக்காரருக்குத் தேவையில்லை. அந்த இடத்தில் 'அவசரத்துக்கு அழைக்க' என்று ஒரு சகோதரியின் அல்லது சிநேகிதியின் பெயரையும் இலக்கத்தையும் எழுதிவிடுங்கள். பெரும்பாலும் அதோடு விட்டுவிடுவார்கள். மேலும் குடைந்து கேட்டால் அந்த இடம் உங்களுக்கு வேண்டாம். இரவில் யாராவது கதவைத் தட்டித் தொல்லை கொடுத்தால் 119 பொலிஸ் அவசர இலக்கம். 1938 பெண்களுக்கான உதவி இலக்கம். இரண்டையும் தொலைபேசியில் பதிந்து வையுங்கள்.

அன்று நான் ஹட்டனுக்கு ஓடிப்போனபோது ஐந்தரை மணி. டிக்கோயாவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், மகள் திருமணமாகிப் போன அறையை எப்போதாவது வாடகைக்குக் கொடுப்பார். முச்சக்கர வண்டியில் அங்கே போனோம். டீச்சர் சகோதரியை மேலும் கீழும் பார்த்தார். "சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டார். பிறகுதான் கணக்குப் பேசினோம். இராச்சாப்பாட்டோடு நாளொன்றுக்கு 1800 ரூபா, பதினான்கு நாளைக்கு 25,200. லொட்ஜில் வெறும் அறைக்கே 49,000 ஆகியிருக்கும். டீச்சர் ஒரு அப்பியாசக் கொப்பியில் பெயர், அடையாள அட்டை இலக்கம், ஊர் எழுதினார். கிளிநொச்சி என்றதும் பேனையை நிறுத்தினார். 1977 கலவரத்துக்குப் பிறகு அவருடைய பெரியம்மா குடும்பம் அங்கேதான் போய்க் குடியேறியதாம். எந்தக் குடியேற்றம் என்று அவருக்கு ஞாபகமில்லை. சகோதரி நாலைந்து இடங்களின் பெயரைச் சொல்லிப் பார்த்தார். ஒன்றும் பொருந்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரவு அழைத்து விசாரித்தேன். மழை பெய்தால் இணையம் விட்டுவிட்டு வருகிறதாம். நாய் ஒன்று அவரைக் கண்டால் ஓயாமல் குரைக்கிறதாம். டீச்சர் இரண்டாவது போர்வையும் தந்துவிட்டாராம். "ஏழு மணி பஸ்ஸுக்கு நோர்வூட் போகவேணும் அக்கா, வைக்கிறன்" என்றார்.