முதியோர் கல்வியின் பயனை அளக்கும் முறை

முதியோர் கல்வி நிலையம் ஒன்றில் எத்தனை பேர் பெயர் பதிந்தனர், எத்தனை நாள் வகுப்பு நடந்தது, எத்தனை பாடப் புத்தகங்கள் வழங்கப்பெற்றன என்பவற்றைக் கணக்கிடுதல் எளிது. பொதுப் பணத்தில் நடைபெறும் பணிக்கு இக்கணக்குகள் இன்றியமையாதனவே. ஆயினும் இவை செலவின் கணக்கேயன்றிக் கல்வியின் கணக்கு அல்ல. வந்தவர் யாது கற்றார் என்பதை வேறோர் அளவுகோல் கொண்டே அறிதல் வேண்டும்.

1988-ஆம் ஆண்டில் தொடங்கிய தேசிய எழுத்தறிவு இயக்கம் அத்தகைய அளவுகோலைத் திட்டமாக வகுத்தது. கற்பவர் தமக்கு நாட்டமுள்ள பொருள்பற்றிய எளிய பகுதியை நிமிஷத்திற்கு 30 சொற்கள் வீதம் உரக்க வாசிக்கவேண்டும். மனத்துள் வாசிப்பதாயின் 35 சொற்கள். பார்த்து எழுதுவதில் 7 சொற்களும், பிறர் சொல்லக் கேட்டு எழுதுவதில் 5 சொற்களும் எழுதவேண்டும். 1 முதல் 100 வரை எண்களைப் படிக்கவும் எழுதவும், பின்னமில்லாத எளிய கணக்குகளைப் போடவும் வேண்டும்.

வேகத்தை ஏன் அளக்கவேண்டும் என்று சிலர் வினவக்கூடும். எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசிப்பவர் வாக்கியத்தின் முடிவை எட்டுமுன் அதன் தொடக்கத்தை மறந்துவிடுகிறார். வாசித்தும் பொருள் விளங்குவதில்லை. ஆகவே வேகம் என்பது பொருளுணர்ச்சிக்கு வாயில். ஆனால் மொழிக்கு மொழி சொல்லின் நீளம் வேறுபடும். ஹிந்தியில் இரு சொற்களாக எழுதப்படுவது தமிழில் ‘வீட்டிலிருந்து’ என ஒரே சொல்லாக நிற்கிறது. 30 சொற்கள் என்பது எல்லா மொழிகளிலும் ஒரே அளவு உழைப்பன்று. ஆசிரியர் இதை நினைவிற்கொள்வது நன்று.

அவ்வியக்கத்தின் மூன்று பாடப் புத்தகங்களிலும் புத்தகத்திற்கு மூன்றாக ஒன்பது சோதனைகள் சேர்க்கப்பட்டிருந்தன. பரீட்சை என்ற அச்சமின்றி, கற்பவரே தம் முன்னேற்றத்தைக் காண்பதே நோக்கம். இது சிறு விஷயமன்று. பேரப்பிள்ளை எடுத்த பெண்மணி ஒருவர், அண்டை வீட்டார் அறியத் தோற்றுவிடுவோமோ என்று அஞ்சிப் பரீட்சை நாளில் வராமலே இருந்துவிடலாம். அவர் கற்றது ஏட்டில் ஏறாமற் போய்விடும்.

பேராசிரியர் தவே தலைமையில் அமைந்த குழு 1992-இல் தேர்ச்சிக்குரிய எல்லையை வரையறுத்தது: வாசித்தல், எழுதுதல், எண் ஆகிய ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 50, மொத்தத்தில் நூற்றுக்கு 70. பகுதிக்கு 50 மார்க்காக மொத்தம் 150 என்று கொள்வோம். வாசித்தலில் 50, எழுதுதலில் 45, எண்ணில் 10 பெற்றவருக்கு மொத்தம் 105. அதாவது நூற்றுக்கு 70. ஆயினும் அவர் தேறியவர் ஆகார். கூலிக் கணக்கையோ கடன் சீட்டையோ சரிபார்க்க இயலாதவரை, பிற பகுதிகளின் மார்க்கு மறைத்துவிடலாகாது அல்லவா?

2022-இல் தொடங்கி உல்லாஸ் என வழங்கும் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின்கீழ் 2023-இல் நடந்த பரீட்சையிலும் பகுதிக்கு 50 மார்க்கு வீதம் 150 மார்க்குகள். ஆனால் தேர்ச்சிக்கு ஒவ்வொரு பகுதியிலும் நூற்றுக்கு 33 போதும். முறையே 20, 18, 17 மார்க்கு பெற்றவர் இதில் தேறுவார். 1992-இன் எல்லைப்படி தேறமாட்டார். முதற்படியில் ஊக்கமளிக்கத் தாழ்ந்த எல்லை ஏற்றதாகலாம். இரண்டு எல்லைகளில் தேறியவர்களையும் ஒரே பட்டியலிற் கூட்டி ‘எழுத்தறிவு பெற்றோர்’ என எழுதுவதுதான் பிழை.

இதனினும் பெரிய பிழை ஒன்று உண்டு. ஓர் ஊரில் 1,000 பேர் பெயர் பதிந்து, 600 பேர் பரீட்சை எழுதி, 480 பேர் தேறினர் எனக் கொள்வோம். எழுதியவருள் நூற்றுக்கு 80 பேர் தேறினர்; பதிந்தவருள் நூற்றுக்கு 48 பேரே தேறினர். இரண்டும் மெய்யே. எனினும் முதலாவதை மட்டும் மேலிடத்திற்கு அனுப்பினால், இடையில் நின்ற 400 பேர் கணக்கினின்றே மறைந்துவிடுவர். அவர்கள் அறுவடைக்குச் சென்றனரா, கண்பார்வை மங்கியதால் நின்றனரா, வகுப்பு நேரம் ஒவ்வாமல் நின்றனரா என்பதைக் களப் பணியாளரே அறிவார். பதிவேட்டில் பெயருக்கு நேரே காரணத்தை ஒரு வரியில் எழுதிவைத்தால், அடுத்த ஆண்டு வகுப்பை எந்த மாதத்தில், எந்த வேளையில் நடத்துவது என்பது தெரியவரும்.

தேறியவரும் வாசிக்க ஏதுமின்றி இருந்தால் கற்றதை மறந்துவிடுவர். ஆகையால் ஆறு மாதங்கள் கழிந்தபின் அவர்களுட் சிலரையேனும் மீண்டும் வாசிக்கச் செய்து, பழைய மார்க்குக்குப் பக்கத்தில் புதியதைக் குறித்தல் வேண்டும். இதற்குப் புதிய வினாத்தாள் தேவையில்லை. பஸ்ஸின் பெயர்ப்பலகையும் ரேஷன் கார்டும் போதும்.