கறுவாத் தைலம்: பண்பும் பயனும் பாதுகாப்பும்

முன்னுரை

நெய்ச்சோறும் பிரியாணியும் மணக்கும் இல்லங்களில் பட்டையை அறியாதார் இலர். உண்ணும்போது தட்டுப்படும் பட்டைத் துண்டை இலையின் ஓரத்தில் ஒதுக்கிவிடுகின்றோம். அத்துண்டின் மணத்தைத் துளிகளில் திரட்டித் தருவதே கறுவாத் தைலமாகும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், விடுதி மாணவர் ஒருவர் பல்வலிக்கென 'லவங்கத் தைலம்' கேட்டு வாங்கி ஈறில் தடவிக்கொண்டார். அவருக்குக் கிடைத்தது கிராம்புத் தைலம் அன்று, பட்டைத் தைலம். மறுநாள் வகுப்பிற்கு வந்தபோது அவருடைய ஈறும் உதடும் வெந்திருந்தன. ஒரு சொல்லின் பொருள் மயக்கம் ஒருவர் வாயைப் புண்ணாக்கியதைக் கண்டபோது, இப்பொருள் பற்றித் தமிழாசிரியனும் எழுத இடமுண்டு என்று தோன்றியது. அதன் விளைவே இக்கட்டுரை.

பெயரும் மயக்கமும்

இலவங்கம் என்னும் சொல் கிராம்பையும் குறிக்கும். பட்டை தரும் மரத்தையும் குறிக்கும். 'இலவங்கப்பட்டை' என்னுமிடத்து ஐயம் இல்லை. 'பட்டை' நீங்கி 'லவங்கத் தைலம்' என நிற்குமிடத்தே மயக்கம் பிறக்கின்றது. இலங்கைத் தமிழர் வழங்கும் 'கறுவா' என்னும் சொல்லில் இத்தொல்லை இல்லை. ஆதலின் இக்கட்டுரை அச்சொல்லையே மேற்கொள்கின்றது.

அரபியர் இதனைக் 'கிர்ஃபா' என்பர். உரித்தெடுத்த பட்டை என்பது அதன் பொருள். பாரசீகர் 'தார்ச்சீனி' என்றனர். சீனத்து மரம் என்பது பொருள். அதுவே இந்தியில் 'தால்சீனி' ஆயிற்று. இப்பெயர் ஓர் உண்மையை நினைவூட்டுகின்றது. கறுவா ஒரே மரம் அன்று. இலங்கைக்குரியது 'சின்னமோமம் வீரம்'. சீனத்துக்குரியது 'சின்னமோமம் காசியா'. இலங்கைக் கறுவா மெல்லிய தோல்கள் பல சேர்ந்து சுருட்டுப்போல் உருண்டிருக்கும். கையால் எளிதில் நொறுங்கும். சீனக் கறுவா தடித்தது, கடினமானது, காரம் மிக்கது. நம் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் தடித்த பட்டை பெரும்பாலும் இந்தச் சீன வகையைச் சேர்ந்ததே.

வணிகமும் வரலாறும்

கறுவா பண்டு அரபு வணிகர் வழியாகவே மேலை நாடுகளுக்குச் சென்றது. பெரும்பறவைகள் கறுவாக் குச்சிகளால் கூடு கட்டுகின்றன என்றும், இறைச்சித் துண்டுகளை வைத்து அக்கூடுகளை வீழ்த்தியே அவற்றை எடுக்கவேண்டும் என்றும் அரபியர் கூறியதாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதிவைத்தார். விலையை உயர்த்தக் கட்டிய கதைகளே இவை என்று கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியரான பிளினி மறுத்தார். சரக்கின் பிறப்பிடத்தை மறைப்பதும் வணிகத் தந்திரமாக இருந்தது போலும்.

1505இல் போர்த்துக்கீசியர் இலங்கையை அடைந்தனர். அவர்களை வெளியேற்றிய டச்சுக்காரர், காட்டில் விளைந்த கறுவாவைத் தோட்டப் பயிராக்கினர். 1796இல் ஆங்கிலேயர் அத்தோட்டங்களைக் கைக்கொண்டனர். கொழும்பு நகரின் ஒரு பகுதி இன்றும் 'கறுவாத் தோட்டம்' என்றே வழங்கப்படுகின்றது. 'சிலோன் சின்னமன்' என்னும் பெயருக்கு 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீட்டு உரிமை வழங்கியது.

வடிக்கும் முறை

ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த அறிஞர் அல்கிந்தி, நறுமணப் பொருள்களையும் வடித்தெடுக்கும் முறைகளையும் பற்றித் தனி நூலே இயற்றினார். வாலையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான 'அலெம்பிக்' என்பது 'அல்அன்பீக்' என்னும் அரபுச் சொல்லின் வழி வந்ததாகும்.

நீராவியைப் பட்டைத் துண்டுகளின் ஊடே செலுத்தினால், மணப்பொருள் ஆவியோடு கலந்து வெளியேறும். அதனைக் குளிரச் செய்தால் நீரும் தைலமும் தனித்தனியே பிரியும். நல்லெண்ணெய் நீரில் மிதக்கும். கறுவாத் தைலமோ நீரினும் கனமுடையதாதலின் அடியில் தங்கும். நூறு கிலோ பட்டையிலிருந்து ஏறத்தாழ அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரையே தைலம் கிடைக்கும். இச்செறிவே இதன் சிறப்பு. இதன் ஆபத்துக்கும் அதுவே காரணம்.

ஒரே மரம், மூன்று தைலம்

இலங்கைக் கறுவாவின் பட்டைத் தைலத்தில் மிகுந்திருப்பது சின்னமால்டிஹைடு. மணத்துக்கும் காரத்துக்கும் அதுவே முதற்காரணம். இலைத் தைலத்தில் மிகுந்திருப்பது யூஜினால். கிராம்புத் தைலத்தின் முதன்மைப் பொருளும் அதுவே. வேர்ப்பட்டைத் தைலத்திலோ கற்பூரம் மிகுந்துள்ளது. உறுப்பு மாறினால் பண்பும் மாறும். ஆகவே 'கறுவாத் தைலம்' என்று மட்டும் எழுதிய சீட்டும் போதாது. எந்த மரம், எந்த உறுப்பு என்னும் இரண்டும் தெரிதல் வேண்டும்.

பிரெஞ்சு வேதியியலார் டூமாவும் பெலிகோவும் 1834இல் சின்னமால்டிஹைடைத் தைலத்திலிருந்து பிரித்தெடுத்தனர். 1854இல் இத்தாலியரான கியோட்சா அதனைச் செயற்கையாக ஆக்கிக்காட்டினார். இன்று செயற்கைப் பொருளைக் கலந்து இயற்கைத் தைலம் என விற்பாரும் உளர்.

பயன்கள்

தின்பண்டம், பற்பசை, சுவைக்கும் பிசின், சோப்பு, வாசனைத் திரவியம் ஆகியவற்றில் இத்தைலம் மிகச் சிறிய அளவில் சேர்க்கப்படுகின்றது. பாக்டீரியாவையும் பூஞ்சையையும் தடுக்கும் ஆற்றல் இதற்கு உண்டு என்பது ஆய்வுக்கூடத்தில் கண்ட உண்மை. ஆயினும் கண்ணாடிக் கிண்ணத்தில் கிருமியை அழிப்பது வேறு. உடலுக்குள் சென்று நோயைத் தீர்ப்பது வேறு.

நீரிழிவுக்குக் கறுவா நல்லது என்னும் பேச்சு இன்று பரவலாக உள்ளது. பாகிஸ்தானில் 60 நீரிழிவு நோயாளரிடம் நிகழ்த்தப்பட்டு 2003இல் வெளிவந்த ஆய்வில், நாளொன்றுக்கு 1 முதல் 6 கிராம் வரை கறுவாத் தூள் உண்டோர்க்குச் சர்க்கரை அளவு குறைந்தது. ஆனால் 10 ஆய்வுகளை ஒருங்கே ஆராய்ந்த காக்ரேன் குழு, இதனை ஏற்கப் போதிய சான்று இல்லை என 2012இல் முடிவு கூறியது. 2003ஆம் ஆண்டின் ஆய்வில் கொடுக்கப்பட்டது பட்டைத் தூளே அன்றித் தைலம் அன்று என்பதும் கருதத்தக்கது. ஆதலின், மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்திவிட்டுத் தைலத் துளிகளை நம்புவது தன்னுயிரோடு விளையாடுவதாகும்.

தூளும் அளவோடு உண்ணற்பாலதே. சீனக் கறுவாவில் 'கூமரின்' என்னும் பொருள் மிகுதி. சிலருக்கு அது ஈரலைக் கெடுக்கும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லி கிராம் என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வகுத்த எல்லை. 60 கிலோ எடையுள்ளவர் நாள்தோறும் ஏறத்தாழ 2 கிராம் சீனக் கறுவாத் தூள் உண்டாலே அவ்வெல்லையைத் தொட்டுவிடக்கூடும். இலங்கைக் கறுவாவில் கூமரின் மிக மிகச் சிறிதே.

பாதுகாப்பு

சின்னமால்டிஹைடு தோலிலுள்ள புரதங்களோடு பிணையும் இயல்பினது. அதனால் எரிச்சலும், சிலருக்கு நிலையான ஒவ்வாமையும் உண்டாகின்றன. ஒருமுறை ஒவ்வாமை தோன்றிவிட்டால், பின்னர் அப்பொருள் கலந்த பற்பசைகூட வாயைப் புண்ணாக்கலாம். அழகுப் பொருள்களில் இது குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால் பெயரை உறைமேல் அச்சிடவேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2003இல் விதித்தது.

தைலப் பாதுகாப்பு நூலாசிரியர்களான டிஸ்ஸராண்டும் யங்கும், தோலில் பூசுவதற்குப் பட்டைத் தைலம் 0.07 விழுக்காட்டையும், இலைத் தைலம் 0.6 விழுக்காட்டையும் மிஞ்சலாகாது என்பர். அதாவது நூறு மில்லி தேங்காயெண்ணெய்க்குப் பட்டைத் தைலம் ஏறத்தாழ ஒரு துளியே. அமெரிக்காவில் சட்டைப்பையில் வைத்திருந்த தைலம் கசிந்து, பதினொரு வயதுச் சிறுவனின் தொடை வெந்துபோனதை 1985இல் ஒரு மருத்துவ இதழ் பதிவு செய்துள்ளது.

ஆகவே பின்வருவனவற்றை மனத்தில் இருத்தல் நலம்:

1. தைலத்தை நீர்க்கச் செய்யாமல் தோலிலோ ஈறிலோ தடவலாகாது.
2. நீரில் கலந்து குடித்தலும், குளிக்கும் நீரில் விடுதலும் தகா. அது நீரில் கரையாது. திரண்டு நின்று சுடும்.
3. குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் இதனைத் தவிர்க்கவேண்டும். குருதி உறையாமைக்கு மருந்துண்போர் மருத்துவரைக் கேட்டறிதல் வேண்டும்.
4. தோலில் பட்டால் சோப்பும் நீரும் கொண்டு நன்கு கழுவுக. கண்ணில் பட்டால் ஓடும் நீரில் நெடுநேரம் கழுவி மருத்துவரை நாடுக. விழுங்கினால் வாந்தி எடுக்கச் செய்யாது உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்க.
5. கரிய கண்ணாடிக் குப்பியில், இறுக மூடி, குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தல் வேண்டும்.

முடிவுரை

நோயைத் தந்த இறைவன் மருந்தையும் தந்துள்ளான் என்பது நம் நம்பிக்கை. அம்மருந்தை அளந்து கொள்ளும் அறிவையும் அவனே அருளியுள்ளான். சோற்றில் ஒரு துண்டுப் பட்டை இன்பம்; ஈறில் ஒரு துளித் தைலம் துன்பம். வேறுபாடு பொருளில் இல்லை, அளவில் உள்ளது.

பலசரக்கும் நாட்டுமருந்தும் விற்கும் பெரியோர்கள் நம்மிடையே பலர் உளர். குப்பியின்மேல் மரத்தின் பெயரையும் உறுப்பின் பெயரையும் தெளிவுறத் தமிழில் எழுதிவைக்குமாறு அவர்களை வேண்டுகின்றேன். நிறுவையில் நேர்மை எத்துணை இன்றியமையாததோ, பெயரிடுவதிலும் அத்துணை இன்றியமையாததாகும். மாணவர்களும் வாங்குமுன் 'இது பட்டையா, இலையா, கிராம்பா' என்று ஒரு கேள்வி கேட்கட்டும். அம்மாணவர் அன்று கேட்டிருப்பின், ஒரு வாரம் கஞ்சி மட்டும் குடித்திருக்க நேர்ந்திராது.