விளையாட்டுத் திடலும் பிள்ளைகளின் செவியும்

பிள்ளைகளைக் கால்பந்துப் போட்டி காண அழைத்துச் செல்லலாமா என்னும் வினா சிறிய வினாவே. ஆயினும் நம் பங்குக் குடும்பங்கள் சிலவற்றில் அது கணவனுக்கும் மனைவிக்கும் இடையே பூசலையே எழுப்பிவிடுகிறது. "பையன் வீட்டிற்குள்ளேயே அடைந்து கிடக்கிறான், உப்பளம் திடலுக்கு வந்து நாலு ஆட்டம் பார்க்கட்டும்" என்பார் தந்தை. "ஆட்டம் பார்க்க வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? அங்கே காதில் விழுகிற பேச்சைக் கொண்டுவந்து இங்கே தங்கையிடம் பேசிக் காட்டுகிறானே, அதற்கு என்ன செய்வது?" என்பார் தாய். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆகவே இதனை அற்பக் காரியம் என்று தள்ளிவிடாமல் சற்றே ஆராய்ந்து பார்ப்போம்.

புதுவை வாசிகளாகிய நமக்குக் கால்பந்து அயலார் விளையாட்டு அன்று. பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையிலும், 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் முடிவுற்றது. ஆயினும் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற 'சொல்தா' வீடுகள் இன்றும் நம்மிடையே உண்டு. உலகக் கோப்பையில் பிரான்சு ஆடும் இரவில் அவ்வீடுகளில் உறக்கம் ஏது? 1998, 2018 ஆகிய ஆண்டுகளில் அந்நாடு கோப்பையை வென்றபோது இனிப்பு வழங்கி மகிழ்ந்தவர்களும் நம்மவரே. மாநிலங்களுக்கிடையே 1941 முதல் நடைபெற்றுவரும் சந்தோஷ் கோப்பைப் போட்டியில் புதுவை அணியும் களமிறங்குகிறது. இவையன்றி, பங்குத் திருவிழாவை ஒட்டி இளைஞர்கள் நடத்தும் போட்டிகளும் உண்டு. குமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டாரத்தில் கத்தோலிக்க மீனவ ஊர்கள் தலைமுறை தலைமுறையாகச் சிறந்த ஆட்டக்காரரை ஈன்று தந்திருப்பதை நாம் அறிவோம்.

எனவே, திடலுக்கே போகாதே என்று பிள்ளையைத் தடுப்பது அவனுக்கு ஒரு நன்மையை மறுப்பதாகும். தோற்றவன் வென்றவனின் கையைப் பற்றிக் குலுக்குவதையும், விழுந்தவனை எதிரணியினன் தூக்கிவிடுவதையும் வேறெங்கே இத்துணை எளிதாகக் காண இயலும்? தந்தையும் மகனும் ஒரே பலகையில் அமர்ந்து, ஒரே பொட்டலத்துக் கடலையைப் பகிர்ந்துண்ணும் மாலைப் பொழுதுகள் குடும்ப வாழ்வில் மிகுதியாக வருவனவும் அல்ல.

அன்பில் பிறந்து பகையில் வளர்ந்தது

திருச்சபையைச் சார்ந்தோர் கால்பந்தை என்றுமே வெறுத்ததில்லை. அர்ஜென்டீனா நாட்டின் பியூனஸ் அயர்ஸ் நகரில், தெருவில் பந்தாடிக்கொண்டிருந்த சிறுவர்களுக்கு டிராம் வண்டியால் ஆபத்து நேரக் கண்ட சலேசிய குரு லொரென்சோ மாசா, தம் ஆலய வளாகத்தையே அவர்களுக்குத் திறந்துவிட்டார். 1908ஆம் ஆண்டு அவ்வாறு உருவான சான் லொரென்சோ கழகத்தின் மீதுதான் 2025இல் இறைவனடி சேர்ந்த திருத்தந்தை பிரான்சிஸ் சிறுவயது முதல் பற்றுக் கொண்டிருந்தார்.

இன்னொரு கழகத்தின் வரலாறு நமக்கு எச்சரிக்கையாகவே அமைந்துள்ளது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், ஐரிஷ் கத்தோலிக்க ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உணவளிக்கப் பொருள் திரட்டும் நோக்குடன் மரிஸ்ட் சபைச் சகோதரர் வால்ஃப்ரிட் 1887இல் செல்டிக் கழகத்தைத் தொடங்கினார். பசித்த குழந்தையின் சோற்றுக்காகப் பிறந்த விளையாட்டு அது. ஆனால் பிற்காலத்தில் அக்கழகத்தின் ஆதரவாளர்க்கும் ரேஞ்சர்ஸ் கழகத்தின் ஆதரவாளர்க்கும் இடையே கத்தோலிக்கர், சீர்திருத்த சபையினர் என்னும் மதப் பகைமை மூண்டது. ஒரு சாரார் மறு சாராரின் சமயத்தையும் குலத்தையும் பழித்துப் பாடுவது பல தலைமுறைகளாக வழக்கமாயிற்று. இவ்வகைப் பாடல்களையும் முழக்கங்களையும் குற்றமாக்கி 2012இல் அங்கே தனிச் சட்டமே இயற்றினர். 2018இல் அதனை நீக்கியும்விட்டனர். சட்டத்தால் மட்டும் நாவை அடக்க இயலாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

எல்லாச் சொல்லும் ஒன்றல்ல

இங்கே பெற்றோர் ஒன்றைப் பகுத்தறிய வேண்டும். திடலில் கேட்கும் கடுஞ்சொற்கள் யாவும் ஒரே எடையின அல்ல. வாய்ப்புத் தவறியபோது தன்னையறியாமல் ஒருவன் வாயினின்று தெறித்து விழும் சொல் ஒரு வகை. அது நாகரிகக் குறைவு; எனினும் யாரையும் நோக்கி எறியப்பட்டதன்று. நடுவரின் தாயையும் எதிரணி ஆட்டக்காரனின் சகோதரியையும் இழுத்துப் பேசும் சொல் மற்றொரு வகை. சாதியையோ நிறத்தையோ சொல்லி ஒருவனை மனிதனே அல்லன் என்று ஆக்கும் சொல் மூன்றாம் வகை. முதலாவதைக் கேட்டுப் பிள்ளை கெட்டுவிடமாட்டான். மற்ற இரண்டையும் கேட்டுச் சிரிக்கப் பழகினால் கட்டாயம் கெடுவான்.

இரண்டாம் வகைச் சொல்லின் வலிமையை உலகமே ஒருநாள் கண்டது. 2006 ஜூலை 9 அன்று பெர்லினில் நடைபெற்ற உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில், பிரெஞ்சு அணித்தலைவர் ஜிதான், இத்தாலியின் மாத்தெராட்சியைத் தலையால் மார்பில் முட்டி வீழ்த்திச் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். தம் குடும்பத்துப் பெண்களை இழிவுபடுத்திய சொல்லே தம்மைத் தூண்டிற்று என்று பின்னர்க் கூறினார். முட்டியவருக்கு மூன்று ஆட்டங்களும், சொல்லால் தூண்டியவருக்கு இரண்டு ஆட்டங்களும் தடை விதிக்கப்பட்டன. சொல்லும் ஓர் அடியே என்று அந்தத் தீர்ப்பு ஒப்புக்கொண்டது.

மூன்றாம் வகைச் சொல் நம் நாட்டில் வெறும் ஒழுக்கக்கேடு மட்டுமன்று. தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுள் ஒருவரைப் பலர் அறியச் சாதிப் பெயர் சொல்லி வைவது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். பந்தயத் திடலும் பலர் கூடும் இடந்தானே!

ஆட்ட விதிகளும் இதனை மறக்கவில்லை. இழிசொல் பேசும் ஆட்டக்காரனை நடுவர் சிவப்பு அட்டை காட்டி வெளியேற்றலாம் என்பது கால்பந்தின் பன்னிரண்டாம் விதி. விளையாடுகிறவனுக்கு உள்ள இக்கட்டுப்பாடு, வேடிக்கை பார்க்கிறவனுக்கு மட்டும் வேண்டாமா?

இஸ்தான்புல்லும் புடாபெஸ்டும்

பிள்ளைகள் எதைக் கற்கிறார்கள் என்பதற்கு இரு நிகழ்ச்சிகளை இணைத்துப் பார்ப்போம். துருக்கியின் இஸ்தான்புல் நகரில் ஃபெனர்பாச்சே கழகத்தின் ஆதரவாளர் அத்துமீறி நடந்ததால், அவர்கள் இல்லாமலே ஆட்டம் நடைபெற வேண்டும் என்ற நிலை ஏற்பட்டது. காலியான அரங்கிற்குப் பதிலாக, பெண்களையும் பன்னிரண்டு வயதிற்குட்பட்ட சிறுவரையும் மட்டும் இலவசமாக அனுமதிப்பதெனத் தீர்மானித்தனர். 2011 செப்டம்பர் 20 அன்று 41,000க்கும் மேற்பட்டோர் வந்து குழுமினர். வழக்கமாக ஏளனக் கூச்சலுடன் வரவேற்கப்படும் எதிரணிக்கு அன்று கரவொலி எழுந்தது. ஆட்டக்காரர்கள் பார்வையாளரை நோக்கி மலர்களை வீசினர்.

பதினோர் ஆண்டுகள் கழித்து, 2022 ஜூன் 4 அன்று ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் இங்கிலாந்து அணி ஆடிற்று. முந்தைய ஆண்டுப் போட்டிகளில் ஹங்கேரி ஆதரவாளர் சிலர் இனவெறியுடன் நடந்துகொண்டதற்குத் தண்டனையாக, பெரியவர்கள் அந்த அரங்கில் நுழையத் தடை. சிறுவர்களை மட்டும் பொறுப்பாளர்களோடு அழைத்து வரலாம் என விதி இடம் தந்தது. ஏறத்தாழ 30,000 பேர் வந்தனர். பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள். ஆட்டம் தொடங்குமுன் இனவெறியைக் கண்டிக்கும் அடையாளமாக இங்கிலாந்து வீரர்கள் முழந்தாளிட்டபோது, அச்சிறுவர் கூட்டத்தினின்றே இகழ்ச்சிக் கூச்சல் எழுந்தது.

பிள்ளைகள் இயல்பாகவே நல்லவர் என்று இஸ்தான்புல்லை மட்டும் கண்டோர் சொல்வர். காலம் கெட்டுவிட்டது என்று புடாபெஸ்டை மட்டும் கண்டோர் சொல்வர். இரண்டும் முழு உண்மையல்ல. பெரியவரை அரங்கின் வாயிலில் நிறுத்திவிட்டாலும், அவர்களின் சொற்கள் பிள்ளைகளின் நெஞ்சில் அமர்ந்து உள்ளே சென்றுவிடுகின்றன. புடாபெஸ்டின் சிறுவர் அந்தக் கூச்சலை அன்று மாலை அரங்கில் புதிதாகக் கற்றிருக்க இயலுமோ? முன்பே எங்கோ கேட்டதைத்தான் அங்கே ஒப்புவித்தனர்.

ஆகவே, "திடலில் என் மகன் கெட்டுப்போகிறான்" என்று சொல்லும் முன், "வீட்டில் அவன் என்ன கேட்கிறான்?" என்று நம்மை நாமே வினவிக்கொள்ளல் வேண்டும். தொலைக்காட்சியின் முன் அமர்ந்து நடுவரை வைகிற தந்தை, கிரிக்கெட்டில் தோற்றவனின் சாதியை ஆராய்கிற மாமன், வேலைக்காரியைப் பெயர் சொல்லி அழைக்காத பாட்டி ஆகியோரும் பிள்ளைக்கு ஆசிரியர்களே. ஒரே வாயினின்று இறைப்புகழும் மனிதன் மீதான சாபமும் வருவது எங்ஙனம் தகும் என்று புனித யாக்கோபு வருந்தியது இத்தகையோரை நினைத்தே. நாவடக்கம் பற்றித் திருவள்ளுவரும் 'அடக்கமுடைமை'யில் அழுத்திக் கூறியுள்ளார்.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். "உழைக்கும் மக்களின் பேச்சு அப்படித்தான் இருக்கும், அதைக் குறைகூறுவது படித்தவரின் செருக்கு" என்பர் சிலர். இதில் சிறிது உண்மை உண்டு. கட்டுமரக் கரையிலும் சந்தையிலும் உரத்துப் பேசுவோர் யாவரும் தீயோரல்லர். அவர்கள் வாயில் சில முரட்டுச் சொற்கள் அன்பின் அடையாளமாகவே வழங்குகின்றன. மாறாக, ஒரு கெட்ட சொல்லும் சொல்லாமலே பிறரை அவமதிக்கும் மெல்லிய குரல்காரர்களும் உளர். நாம் கண்டிப்பது குரலின் உரத்தையன்று. பிறனை இழிவுபடுத்தும் நோக்கத்தையே.

கைமுட்டியா, கனிவா?

புனித தோன் போஸ்கோ ஏறத்தாழ ஒன்பது வயதில் கண்ட கனவை மறைக்கல்வி வகுப்பில் பலர் கேட்டிருப்பீர்கள். சிறுவர் கூட்டமொன்று விளையாடிக்கொண்டிருந்தது. அவருள் பலர் தூஷணச் சொற்களைப் பேசினர். அதனைக் கேட்கப் பொறாத சிறுவன் யோவான் அவர்கள் நடுவே பாய்ந்து, கைமுட்டியால் குத்தி வாயடைக்க முயன்றான். அப்போது தோன்றிய மேன்மை மிக்க ஒருவர், அடியால் அன்று, சாந்தத்தாலும் அன்பாலுமே இவர்களை நீ நண்பராக்க வேண்டும் என்று அவனுக்கு உணர்த்தினார். கெட்ட வார்த்தை பேசும் விளையாட்டுத் திடலிலிருந்தே அப்புனிதரின் அழைத்தல் தொடங்கிற்று. பிற்காலத்தில் தூரின் நகரில் அவர் செய்தது என்ன? திடலை மூடவில்லை, தாமே அதனுள் இறங்கிப் பிள்ளைகளோடு ஓடினார், தம் குருக்களையும் அங்கே இருக்கச் செய்தார். நல்லவர்கள் விலகிப் போன திடல் வைவோருக்கே சொந்தமாகிவிடும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

இதனின்று பெற்றோர் கைக்கொள்ளத்தக்க சில வழிகளைக் கூறுவோம்.

முதலாவது, மிகச் சிறு பிள்ளைகளைப் பெரிய இறுதி ஆட்டத்திற்கு உடனே அழைத்துச் செல்லாதீர்கள். பள்ளிகளுக்கிடையே நடைபெறும் காலை ஆட்டங்களிலிருந்து தொடங்குங்கள்.

இரண்டாவது, புறப்படுமுன்னரே சொல்லி வையுங்கள்: "அங்கே சிலர் தகாத வார்த்தை பேசுவார்கள். கேட்டால் என்னிடம் கேள்; நீ திருப்பிச் சொல்லாதே." முன்னறிவிப்புப் பெற்ற பிள்ளைக்கு அச்சொல் புதுமையாகவோ கவர்ச்சியாகவோ தோன்றாது.

மூன்றாவது, அமரும் இடத்தைத் தெரிந்தெடுங்கள். குடித்துவிட்டுக் கூச்சலிடும் கூட்டத்தினின்று விலகி, குடும்பத்தார் இருக்கும் பக்கம் அமருங்கள். மகளையும் அழைத்து வாருங்கள். பெண்களும் சிறுமியரும் வந்தமர்ந்த வரிசையில் பேச்சு தானே மட்டுப்படுவதைப் பல இடங்களில் காணலாம்.

நான்காவது, இழிசொல்லைக் கேட்டு நீங்கள் சிரிக்காதீர்கள். பிள்ளை அச்சொல்லைவிட உங்கள் முகத்தையே உற்று நோக்குகிறான். தாயை, சகோதரியை, சாதியைப் பற்றிய சொல் வந்தால் தாழ்ந்த குரலில், "அது தப்புப்பா, அந்த அண்ணனுக்கும் வீட்டில் அம்மா இருக்கிறார்கள்" என்று சொல்லுங்கள். அது போதும். வைதவனோடு பிள்ளையின் முன் சண்டையிட வேண்டாம். அமைப்பாளரிடம் முறையிடலாம், நிலைமை எல்லை மீறினால் எழுந்து வந்துவிடலாம். 1980 ஆகஸ்ட் 16 அன்று கல்கத்தாவின் ஈடன் கார்டன் அரங்கில் இரு பெரும் கழகங்களின் ஆதரவாளர்களிடையே மூண்ட கலவரத்தில் 16 பேர் மாண்டனர். கூட்டத்தின் சினம் எங்கே போய் நிற்கும் என யாரால் அளவிட முடியும்? கட்டணம் போனால் போகட்டும்.

ஐந்தாவது, வீடு திரும்பும் வழியில், "இன்று யார் நன்றாக ஆடினார்?" என்று கேளுங்கள். எதிரணியில் ஒருவனையேனும் புகழச் சொல்லுங்கள். எதிரியைப் புகழக் கற்ற நாவு எளிதில் அவனை வையாது.

நம் பங்குகளில் போட்டி நடத்தும் இளைஞர்களுக்கும் ஒரு சொல். ஒலிபெருக்கி உங்கள் கையில் உள்ளது. ஆட்டம் தொடங்குமுன், இழிசொல் பேசுவோர் வெளியேற்றப்படுவர் என்று ஒருமுறை அறிவியுங்கள். உங்கள் சொந்த அணியின் ஆதரவாளன் பேசினாலும் அதனைத் தயங்காமல் செய்து காட்டுங்கள். நடுவராக நிற்பவர் சிறு ஊதியத்திற்கோ ஊதியமின்றியோ வெயிலில் ஓடுகிற நம்மூர் மனிதர். அவருடைய பிள்ளையும் அந்தக் கூட்டத்தில் அமர்ந்து, தன் தகப்பனைப் பற்றி ஊரார் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கக் கூடும். அப்பிள்ளையின் முகத்தை நினைப்பவன் வாய் திறக்க அஞ்சுவான்.

பெற்றோரே, பிள்ளைகளைத் திடலுக்கு அழைத்துச் செல்லுங்கள். ஆனால் அவர்களைத் தனியே விடாது உடனிருங்கள். உலகின் இரைச்சல் அவர்கள் செவியில் விழாமல் என்றைக்கும் காக்க நம்மால் ஆகாது. அவ்விரைச்சலின் நடுவே எச்சொல்லை ஏற்பது, எச்சொல்லைத் தள்ளுவது என்று தெரிந்தெடுக்கும் அறிவை இப்போதே கொடுத்துவிட்டால், நாம் உடனில்லாத நாளிலும் அது அவர்களுக்குத் துணைநிற்கும்.