மூட்டை கட்டுமுன் ஒரு பாட்டு

கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சித்திரைத் திருவிழா. அறுவடை முடிந்து வெடித்துக் கிடந்த வயலில் மேடை போட்டு இன்னிசைக் கச்சேரி வைத்திருந்தார்கள். பிள்ளையார் பாட்டில் தொடங்கி, எம்.ஜி.ஆர். பாட்டு, சிவாஜி பாட்டு, இளையராஜா பாட்டு, சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்பிய நேயர் விருப்பம் என்று இரவு இரண்டு மணி வரை போயிற்று. கடைசிப் பாட்டு முடிந்ததும் கூட்டம் பாயைச் சுருட்டிக்கொண்டு கலைந்தது. டியூப்லைட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார்கள். ஸ்பீக்கர் பெட்டிகள் டெம்போவில் ஏறின.

கிட்டார் வாசித்தவர் மட்டும் மேடை ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார். இன்னும் கழற்றாமல் இருந்த ஒரே ஆம்ப்ளிஃபயரில் ஒயரைச் செருகி ஏதோ வாசிக்க ஆரம்பித்தார். நான் அதுவரை கேட்டிராத மெட்டு. டிரம்ஸ்காரர் ஸ்னேரைப் பையில் வைக்கப் போனவர், திரும்ப அதை ஸ்டாண்டில் வைத்துவிட்டுச் சேர்ந்துகொண்டார். ஐந்து நிமிடம் இருக்கும். கேட்டவர்கள் நான், என் நண்பர்கள் இரண்டு பேர், கடலை வண்டிக்காரர். இறங்கி வந்தவரிடம், "இது எந்தப் படம் சார்?" என்று கேட்டேன். "படம் இல்ல தம்பி. எங்க பாட்டு" என்றார்.

அன்று அவர் வாசித்த சினிமாப் பாட்டு ஒன்றுகூட எனக்கு நினைவில் இல்லை. அந்த ஐந்து நிமிடம் மட்டும் இருக்கிறது. ஆறு மணி நேரம் ஊருக்காக வாசித்த மனிதர், மூட்டை கட்டுவதற்கு முன்னால் தனக்காக வாசித்த ஐந்து நிமிடம். ராக் பேண்ட் என்று நாம் சொல்வதன் உயிர் அதற்குள் இருக்கிறது. கிட்டார், பேஸ், டிரம்ஸ், ஒரு குரல். நாலைந்து நண்பர்கள். யாரும் கேட்டு எழுதாத, அவர்களே ஆசைப்பட்டு எழுதிய பாட்டு. சென்னையிலும் பெங்களூரிலும் இது பழகிய விஷயம். தஞ்சாவூரில் ஒரு பையன் எலெக்ட்ரிக் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கினால், "சங்கீதம் பிறந்த ஊர்ல இது எதுக்குப்பா?" என்று கேட்க இன்றும் ஆள் உண்டு.

அந்தக் கேள்விக்குப் பதில் தஞ்சாவூரின் சரித்திரத்திலேயே இருக்கிறது.

அரண்மனையில் ஒரு பேண்ட்

இரண்டாம் சரபோஜி 1798 முதல் 1832 வரை தஞ்சை மன்னர். 1799 ஒப்பந்தத்தில் நாட்டின் நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. கோட்டையும் அரண்மனையும் அவரிடம் மிஞ்சின. வேறொருவராக இருந்தால் இழந்ததை நினைத்தே காலத்தை ஓட்டியிருப்பார். இவர் படித்தார். சரஸ்வதி மகால் நூலகத்தை வளர்த்தார். 1826இல் தஞ்சைக்கு வந்த பிஷப் ஹீபர், லவாய்சியே, லின்னேயஸ் என்று ஐரோப்பிய விஞ்ஞானிகளைப் பற்றி இந்த மன்னர் சரளமாகப் பேசியதை வியந்து எழுதிவைத்திருக்கிறார்.

இசையிலும் அதே பசிதான் அவருக்கு. அரண்மனையில் ஐரோப்பிய வாத்தியங்கள் கொண்ட பேண்ட் ஒன்று இருந்தது. நம் பாட்டு வாத்தியார்கள் வாழ்ந்த அதே கோட்டைக்குள், வயலினும் கிளாரினெட்டும் ஒலித்தன. பரதநாட்டிய மார்க்கத்தை ஒழுங்குபடுத்திய தஞ்சை நால்வரில் இளையவரான வடிவேலு வயலினைக் கையில் எடுத்தார். அவர் வாசிப்பைப் பாராட்டித் திருவிதாங்கூர் சுவாதித் திருநாள் மகாராஜா 1834இல் தந்தத்தால் ஆன வயலினைப் பரிசளித்தார். மகாதேவ நட்டுவனார் கிளாரினெட்டைச் சதிர் நாட்டியக் கச்சேரிக்குள் கொண்டுவந்தார். பின்னாளில் திருச்சி ஏ.கே.சி. நடராஜன் அதே கிளாரினெட்டில் ராகம் வாசித்து, நாதஸ்வரச் சக்கரவர்த்தி ராஜரத்தினம் பிள்ளை வாயாலேயே 'கிளாரினெட் எவரெஸ்ட்' என்று பெயர் வாங்கினார்.

இன்று வயலின் இல்லாத கர்நாடகக் கச்சேரியை நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதுவும் ஒரு நாள் வெள்ளைக்காரன் வாத்தியமாகத்தான் இருந்தது. அன்றைக்கும் யாரோ, "இது எதுக்குப்பா?" என்று கேட்டிருப்பார்கள்.

தீட்சிதர் கேட்ட டியூன்

திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர், இளமையில் சென்னைக்கு அருகில் மணலியில் குடும்பத்தோடு தங்கியிருந்தார். அங்கே ஆதரித்த முதலியார் குடும்பத்தின் வழியாகச் சென்னைக் கோட்டையில் வாசிக்கும் ஆங்கிலேய பேண்டைக் கேட்கும் வாய்ப்பு அவருக்கும் தம்பி பாலுசுவாமிக்கும் கிடைத்தது. தம்பி வயலின் கற்றுக்கொண்டார். அண்ணனோ காதில் விழுந்த அணிவகுப்பு டியூன்களையும் நாட்டிய டியூன்களையும் அப்படியே எடுத்து, அவற்றுக்கு சம்ஸ்கிருதத்தில் சாகித்தியம் கட்டினார். 'நோட்டுஸ்வரம்' என்று நாம் சொல்லும் இந்த உருப்படிகள் ஏறத்தாழ 40 உண்டு. எல்லாம் சங்கராபரண ஸ்வரங்களில். இங்கிலாந்தின் ராஜ வாழ்த்து மெட்டில்கூட 'சந்ததம் பாஹிமாம்' என்று அம்பாள் மீது ஒரு பாட்டு செய்தார்.

இதில் நான் திரும்பத் திரும்ப வியப்பது ஒன்று. கமலாம்பா நவாவரணக் கீர்த்தனைகள் போன்ற மலைகளைக் கட்டிய மனிதர் அவர். அவருக்கு இந்தத் துள்ளல் டியூன்களால் ஆகவேண்டிய காரியம் எதுவும் இல்லை. நல்லா இருக்கு, செய்து பார்ப்போம் என்ற ஆசை ஒன்றைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. இன்று பாட்டு வகுப்பில் சேரும் குழந்தைகள் குதூகலமாகப் பாடுவது அந்த நோட்டுஸ்வரங்களைத்தான். ஒரு மேதையின் விளையாட்டு இருநூறு வருஷமாகக் குழந்தைகள் வாயில் வாழ்கிறது.

சத்தம் நமக்குப் புதிதா?

"ராக்கென்றால் ஒரே சத்தம்" என்பது அடுத்த புகார். காவிரி டெல்டாக்காரர் இதைச் சொல்லக்கூடாது. மைக் இல்லாமல் நாலு வீதிக்கும் கேட்கிற நாதஸ்வரமும் தவிலும் வளர்ந்த மண் இது. பலா மரத்தைக் குடைந்து செய்த தவிலின் ஒரு பக்கத்தைக் கழியால் அடிக்கிறார்கள். மறு பக்கத்தில் விரல்கள் விழுகின்றன. வெறும் விரல் தாங்காது என்பதால் துணியும் பசையும் சேர்த்துச் செய்த கூடுகளை மாட்டிக்கொள்கிறார்கள். சுவாமி புறப்பாட்டில் மல்லாரி எழும்பும்போது நெஞ்சுக்குள் அதிர்கிறதே, அந்த அதிர்வைத்தான் ஒரு டிரம்ஸ்காரரும் தேடுகிறார். அடி நெஞ்சில் விழவேண்டும் என்பதில் இரண்டு பேருக்கும் கருத்து ஒன்றே.

கிட்டாருக்கு வருவோம். தஞ்சாவூர் வீணைக்கு 24 மெட்டுகள், அதாவது ஃப்ரெட்டுகள். வீணைக்காரர் ஒரு மெட்டில் விரலை வைத்துத் தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கும்போதுதான் கமகம் பிறக்கிறது. எலெக்ட்ரிக் கிட்டார்காரர் உச்சத்தில் ஒரு ஸ்வரத்தைக் கதற வைக்கும்போது அவர் விரலைக் கவனியுங்கள். மெட்டில் வைத்து, தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கிறார். அதே இழுப்பு. ஒன்று பலா மரத்துக் குடத்தில் ஒலிக்கிறது, மற்றது மின்சாரத்தில் ஒலிக்கிறது. இந்த உறவைக் கண்டுகொண்டவர்களில் முக்கியமானவர் 'கிட்டார்' பிரசன்னா. சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் படிப்புப் படித்தவர். கிட்டாரில் முழுக் கர்நாடகக் கச்சேரி செய்யும் இவர், ராக் உலகின் மாமேதை ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்கு வணக்கமாக 2006இல் 'எலெக்ட்ரிக் கணேஷா லாண்ட்' என்ற ஆல்பத்தை வெளியிட்டார்.

வேலை ஒன்று, பாட்டு ஒன்று

ஆசைக்காக வாசிப்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் கண்முன் உள்ள உதாரணம் 'அகம்' குழு. 2003இல் பெங்களூரில் சில நண்பர்கள் சேர்ந்து தொடங்கியது. மென்பொருள் துறையிலும் மற்ற அலுவலகங்களிலும் வேலை பார்த்தவர்கள். வேலை நேரம் போக மிஞ்சிய பொழுதில் ஒத்திகை. 2007இல் சன் டி.வி.யில் இசைக்குழுக்களுக்காக நடந்த 'ஊ ல ல லா' போட்டியில் ஏ.ஆர். ரஹ்மானின் பாராட்டோடு வென்றார்கள். 2012இல் முதல் ஆல்பம், 2017இல் இரண்டாவது. இத்தனைக்குப் பிறகும் பலர் வேலையை விடவில்லை. வயிற்றுப்பாட்டைப் பாட்டின் தலையில் ஏற்றாததால், எந்தப் பாட்டை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் சுதந்திரம் அவர்கள் கையிலேயே இருந்தது.

அவர்கள் எடுத்துக்கொண்ட பாட்டுகளைப் பாருங்கள். நளினகாந்தியில் தியாகராஜர் செய்த 'மனவ்யாலகிஞ்சர'. பிருந்தாவன சாரங்காவில் தீட்சிதர் ஸ்ரீரங்கத்துப் பெருமாள் மீது செய்த 'ரங்கபுர விஹார'. ஹரிஷ் சிவராமகிருஷ்ணனின் குரலும் வயலினும் ஒரு பக்கம், முறுக்கிவிட்ட கிட்டாரும் டிரம்ஸும் மறுபக்கம். பெங்களூர்ப் பிள்ளைகள் ராக் வாசிக்க உட்கார்ந்ததும் கை தானாகத் துழாவி எடுத்தது காவிரிக் கரைப் பாட்டை. திருவையாற்றுக்காரர்கள் இதில் பெருமைப்படலாம்.

நம் மண்ணிலிருந்தே புறப்பட்டவரும் இருக்கிறார். அந்தோணி தாசன் தஞ்சாவூரை அடுத்த ரெட்டிப்பாளையத்துக்காரர். நையாண்டி மேளமும் கரகாட்டமுமாக வாழும் கலைஞர்களின் ஊர் அது. அந்தக் குரலும் ஆட்டமும் தர்புகா சிவாவின் 'லா பொங்கல்' குழுவில் கிட்டாரோடும் டிரம்ஸோடும் சேர்ந்தபோது, கல்லூரிப் பிள்ளைகள் நாட்டுப்புறப் பாட்டுக்கு எழுந்து ஆடினார்கள். சினிமா பிறகுதான் அவரைத் தேடி வந்தது. 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி செய்த 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு இன்னும் ஒரு படி போனது. கானாவையும் பறையையும் ராக்கையும் ஒரே மேடையில் நிறுத்தி, யார் பாட்டு மேடைக்குரியது என்ற கேள்வியையே உரக்கக் கேட்டது.

இடம் கொடுங்கள்

தஞ்சாவூர், திருவாரூர், மன்னார்குடி, மயிலாடுதுறைக் கல்லூரிகளில் கிட்டாரும் கஹோன் என்ற பெட்டித் தாளவாத்தியமும் வைத்திருக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆண்டு விழாவில் சினிமாப் பாட்டு வாசிக்கிறார்கள், கைதட்டல் வாங்குகிறார்கள். படிப்பு முடிந்ததும் கிட்டார் பீரோ மேலே போய்விடுகிறது. திறமைக் குறைவால் இல்லை. சத்தம் போட்டுப் பழக இடம் இல்லை, சொந்தப் பாட்டைக் கேட்க ஆள் இல்லை.

இரண்டுமே நம் கையில் இருக்கின்றன. ஆடியிலும் மார்கழியிலும் டெல்டா முழுக்கக் கல்யாண மண்டபங்கள் பூட்டிக் கிடக்கின்றன. வாரத்தில் ஒரு சாயங்காலம் அதில் ஒன்றைத் திறந்துவிட்டால் நாலு குழுக்கள் பழகலாம். திருவிழாக் கமிட்டியார் இன்னிசைக் கச்சேரிக்கு முன்பணம் கொடுக்கும்போது, "அரை மணி நேரம் உங்க சொந்தப் பாட்டும் வாசிங்க" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லலாம். பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். இதை வைத்து என்ன சம்பாதிப்பாய் என்று பிள்ளையைக் கேட்காதீர்கள். கிரிக்கெட் ஆடப் போகிறவனிடம் அப்படியா கேட்கிறோம்?

சம்பாத்தியம் இல்லாத பாட்டுக்கு இந்த மண்ணில் மரியாதை குறைந்ததே இல்லை. தியாகராஜர் உஞ்சவிருத்தி எடுத்து வாழ்ந்தவர். அரண்மனை அழைத்தும் போகவில்லை என்று இன்றும் சொல்லிக்கொள்கிறோம். ஆண்டுதோறும் திருவையாற்றில் அவருடைய ஆராதனை நடக்கிறது. பெரிய பெரிய வித்வான்கள் சன்மானம் வாங்காமல் வந்து, காவிரிக் கரைப் பந்தலில் தரையில் உட்கார்ந்து, நாட்டையில் தொடங்கி ஸ்ரீராகம் வரை ஐந்து கீர்த்தனைகளையும் ஒரே குரலாகப் பாடுகிறார்கள். டிக்கெட் கிடையாது. பாடுகிற சந்தோஷம் ஒன்றுதான் கூலி. அந்தப் பந்தலை வருஷா வருஷம் போடத் தெரிந்த ஊருக்கு, ஆசைக்காகப் பாடும் நாலு பிள்ளைகளைப் புரிந்துகொள்வது கஷ்டமான காரியமே இல்லை.

அன்று அந்த கிட்டார்காரரின் பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. கேட்டிருக்கவேண்டியது வேறொன்று: "இன்னொரு தடவை வாசிக்கிறீங்களா?" உங்கள் ஊர்க் கச்சேரி முடிந்து டெம்போ கிளம்பும் நேரத்தில் யாராவது மேடை ஓரத்தில் உட்கார்ந்து வாசித்தால், பாயைச் சுருட்டாமல் கொஞ்சம் நில்லுங்கள். எனக்காகவும் சேர்த்து அதைக் கேட்டுவிடுங்கள்.