உங்களுக்குத் தெரியுமா? தேயிலை மலைகளுக்குள் 300 கிலோமீட்டர்!

இலங்கை மலையகத்தில் கண்டிக்கு அருகே ஹந்தானையில் தொடங்கி, அப்புத்தளை, எல்ல வழியாகச் சுற்றி நுவரெலியாவில் முடிகிறது 'பெக்கோ டிரெயில்' என்னும் நடைபயணப் பாதை. 300 கிலோமீட்டருக்கும் அதிகமான நீளம், 22 கட்டங்கள். பெரும்பகுதி புதிதாக வெட்டிய பாதையே அல்ல. கொழுந்தை மலையிலிருந்து தொழிற்சாலைக்கு இறக்க ஆங்கிலேயர் காலத்தில் போட்ட தோட்டத்துப் பாதைகளும் குதிரை வழிகளும்தான்.

ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டமும் இந்த வழியில் இருக்கிறது. அதற்குப் பின் சில ஆண்டுகளில் இலை நோய் காப்பித் தோட்டங்களை அழிக்க, மலை முழுக்கத் தேயிலை ஏறியது.

காலையில் நடப்பதே நல்லது. அப்புத்தளைக்கு மேலே உள்ள லிப்டன் சீட் காட்சிமுனையில் வெயில் ஏறுவதற்குள் மேகம் வந்து பள்ளத்தாக்கை மூடிவிடும்.

ஆனால், இந்தப் பாதையைத் தனித்துவமாக்குவது காட்சி மட்டும் அல்ல. வழியெல்லாம் தோட்டத் தொழிலாளர் வாழும் லயங்கள், மாரியம்மன் கோயில்கள், கூடையோடு மலையேறும் பெண்கள். 1820களிலிருந்து தமிழ்நாட்டுக் கிராமங்களை விட்டு வந்த இவர்களின் முன்னோர், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தே வந்தவர்கள். காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். இங்கே நடக்கப் போகிறவர்கள் அந்த நடையையும் அறிந்துகொண்டு போக வேண்டும். எதிரே வருபவரிடம் தமிழிலேயே வழி கேட்கலாம்!